டீச்சர் மேட்

பல் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு அடுத்தவர் துக்கம் என்றால் தனி ஆறுதல். தன் சொத்தைப் பல்லையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, முன்பின் தெரியாத யாரோ செத்த கதையைப் படிப்பது எவ்வளவோ மேல். வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுக்கும் சின்னவள் இதை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறாள். செய்தித்தாளை எடுப்பார்கள். அரசியலைத் தள்ளுவார்கள், விளையாட்டைத் தள்ளுவார்கள், விபத்துச் செய்தி வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார்கள். "அய்யோ பாவம்" என்பார்கள். அடுத்த மூச்சில் "ஹெல்மெட் போட்டிருந்தானா பாரு" என்பார்கள். போடவில்லை என்று தெரிந்தால் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நாம்தான் போடுகிறோமே, நமக்கென்ன. போட்டிருந்தும் செத்தான் என்று எழுதியிருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது. பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள், அவளுடைய அக்கா. இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போனாள். இனி யாருக்கு இவள் சின்னவள் என்று கேட்டால் பதில் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு பெரியவர் கடைவாய்ப்பல் பிடுங்க வந்திருந்தார். ஊசி போட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று டாக்டரம்மா அவரை வெளியே உட்கார வைத்திருந்தார். அவர் செய்தித்தாளை விரித்து, பாதி உதட்டால் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அது வாசகர் கடிதப் பக்கம். பக்கம் முழுக்கப் பெரியவளைப் பற்றித்தான்.

"ஃபாவம்மா இந்த டீச்சர்" என்றார். வழிந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "விளையாட்டு டீச்சரே வழுக்கி விழுந்துட்டாங்கன்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு? நான் படிச்ச அன்னைக்கே பாத்ரூம்ல ரப்பர் மேட் வாங்கிப் போட்டுட்டேன்."

"நல்லதுங்க" என்றாள் சின்னவள். செத்தது தன் அக்கா என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. அக்கா செத்ததிலிருந்து அவள் மனசுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்த மனுஷர் வாங்கிப் போட்ட மேட்தான்.

நடந்தது இது. பெரியவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதைக் கழற்றாமலே கடைக்குப் போவாள், காய்கறிக்காரன் எடையில் கை வைத்தால் ஊதிவிடுவாளோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தலைமையாசிரியை சின்னவளுக்குப் போன் செய்தார். சின்னவள் தன் வீட்டுக்காரரோடு ஓடினாள். குளியலறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது. வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர், கையில் கருவிப்பை இருந்தது, கதவைப் பெயர்த்தார். பெரியவள் தரையில் கிடந்தாள். நெற்றியில் காயம். வாளி வழிந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் அலறினாள். வீட்டுக்காரர் முதல் வேலையாகக் குழாயை மூடினார்.

டாக்டர் வந்து பார்த்தார். வழுக்கி விழுந்து தலையில் அடி என்று எழுதிக் கொடுத்தார். எழுதியதை யாரும் சந்தேகப்படவில்லை. ஈரத்தரை, காயம், குழாயின் முனையில் ரத்தம். சந்தேகப்பட என்ன இருக்கிறது.

மறுநாள் ஒரு நிருபர் பெண் வீட்டுக்கு வந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். அழுதுகொண்டிருக்கிறவளிடம் கேட்டால் எதையாவது சொல்லத்தான் செய்வாள். "தரை ஈரமா இருந்துச்சு. ஒரு மேட் போட்டிருந்தா எங்கக்கா பொழைச்சிருப்பா" என்றாள் சின்னவள். அதையே தலைப்பாகப் போட்டார்கள். 'ஒரு மேட் போட்டிருந்தால் அக்கா பிழைத்திருப்பார்: தங்கை கண்ணீர்.' கீழே அவள் அழுகிற படம்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்தியைப் படித்த ஊர் கிளம்பி மேட் வாங்கப் போனது. ஹெல்மெட் என்றால் தலை வேர்க்கும், வேகத்தைக் குறை என்றால் ஆபீசுக்கு நேரமாகும். மேட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கடைக்குப் போய் வாங்கி, விரித்து, மேலே ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டால் சாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தியாகிவிட்டது. இரும்புச் சாமான் கடைகளில் ரப்பர் மேட் தீர்ந்துபோனது. "டீச்சர் மேட் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். கடைக்காரர்களும் அந்தப் பெயரையே அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். நீலம், பச்சை, பூப்போட்டது. அந்தச் செய்தித்தாள் குளியலறைப் பாதுகாப்பு என்று ஒரு தொடரே ஆரம்பித்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சோப்பை எங்கே வைப்பது என்று விளக்கினார். பெரியவளின் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தில் பிள்ளைகளை மேட் போடுவோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள்.

சின்னவள் எல்லாக் கடிதங்களையும் படித்தாள். 'அந்தச் சகோதரிக்கு என் நன்றி' என்று எழுதியிருந்தவற்றை இரண்டு தடவை படித்தாள். அக்கா போனாலும் நாலு உயிர் தப்பும் என்று சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவள் எழுந்தே உட்கார்ந்திருக்க மாட்டாள்.

மாடி வீட்டைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தனியாகப் போனாள். அக்காவின் புடவைகள், கோப்பைகள், எந்தக் காலத்திலோ வாங்கிய ஓட்டப்பந்தய ஷூ. மத்தியானம் வரை மூட்டை கட்டினாள். உடம்பெல்லாம் ஒட்டடையும் தூசியும். நல்ல குளிர். வெந்நீரில் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தாள். ஹீட்டரின் கேஸ் தீர்ந்திருந்தது. சமையலறையில் இருந்த சிலிண்டரை எடுத்து மாட்டினாள். குழாய்க்காரர் பெண்டாட்டிக்கு அதெல்லாம் தெரியும்.

குளியலறை ஜன்னலை அக்கா குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருந்தாள். சின்னவள் அதை எடுக்கவில்லை. வெந்நீர் சுகமாக இருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்தாள். இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினாள். முழங்கால் தன் பாட்டுக்கு மடங்கியது. வழுக்கவில்லை. ஒரு துளிகூட வழுக்கவில்லை. கால் இருக்கிற இடத்திலேயே இருந்தது, உடம்புதான் கீழே இறங்கியது. எப்படியோ கதவு வரை தவழ்ந்து அதைத் தள்ளினாள். வீட்டுக்காரர் பெயர்த்த கதவு சரியாக மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது, தள்ளியதும் திறந்துகொண்டது. அதனால் தப்பித்தாள்.

வெளியே தரையில் படுத்து வாந்தி எடுத்தாள். தலை தெளிந்ததும் திரும்பிப் பார்த்தாள். சுவரில் கேஸ் ஹீட்டர் இருந்தது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் கிளம்பிச் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும், எரிந்த புகையை அதுதான் கொண்டுபோகும். அந்தக் குழாய் இல்லை. சுவரில் ஓட்டையே இல்லை. மணமும் நிறமும் இல்லாத நஞ்சு அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த ஹீட்டரை மாட்டியது அவள் வீட்டுக்காரர். குளிர் ஆரம்பித்தபோது பெரியவளுக்குச் சீராகக் கொடுப்பதுபோல் பெருமையாகக் கொண்டுபோய் மாட்டினார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புகைக்குழாய் ஏங்க வைக்கல?"

"எங்க?"

"எங்கக்கா வீட்ல."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹவுஸ் ஓனர் டைல்ஸ்ல ஓட்டை போடக் கூடாதுன்னுட்டார். ஜன்னல் இருக்கே, போதும்னு உங்கக்காவே சொன்னாங்க."

"அவ விளையாட்டு டீச்சர். அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியாதா?"

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

அவள் தனக்கு நடந்ததைச் சொன்னாள். அவர் கை சோற்றிலேயே நின்றது. முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் ஒரு விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. கதவைப் பெயர்த்து உள்ளே போன அன்றே இந்த மனுஷனுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. தட்டியதை விழுங்கிவிட்டார்.

"இதே மாதிரி வேற எங்க மாட்டியிருக்கீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"கேக்கறேன்ல."

"இந்தக் குளிருக்கு ஏழெட்டு வீடு இருக்கும். எல்லாத்துலயும் ஜன்னல் இருக்கு."

"எங்கக்கா வீட்லயும்தான் ஜன்னல் இருந்துச்சு. குளிர்ல எவ திறந்து வெச்சுட்டுக் குளிப்பா?"

அவர் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்தபோது பேச்சு மாறியிருந்தது. "இங்க பாரு. வழுக்கி விழுந்தாங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். பேப்பர்ல வந்திருக்கு. ஊரே படிச்சிருக்கு. அதைச் சொன்னது யாரு? நானா சொன்னேன்? நீ சொன்னது. உன் போட்டோதான் போட்டிருக்கு."

 சின்னவள் அழுகையில் சொன்ன ஒரு வாக்கியம் இப்போது அவருக்குக் கேடயமாக நின்றது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிப் போனிலிருந்து அந்த நிருபர் பெண்ணைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். 

"மேடம், சர்டிபிகேட்ல தலையில அடின்னு இருக்கு. நீங்களும் அதான் சொன்னீங்க. இப்ப மாத்தினா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. தொடர் வேற நல்லாப் போயிட்டிருக்கு."

"ஆனா அது நெசமில்லைங்க."

"சரி, போடறேன்னே வெச்சுக்குங்க. அந்த ஹீட்டரை மாட்டினது யாருன்னு கேப்பாங்களே. பேரு சொல்றீங்களா?"

சின்னவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். எச்சில் துப்பும் கோப்பைகளை அடுக்கினாள், நோயாளி கழுத்தில் கட்டும் துண்டுகளை எண்ணினாள், கை தன் வேலையைச் செய்தது. வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவார். போகாவிட்டாலும் இனி அவரை எவன் வீட்டுக்குள் விடுவான்? அக்காவைக் கொன்றவனோடு குடித்தனம் நடத்துகிறவள் என்று தன்னையும் பேசுவார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மேட்டுகள் வெறும் ரப்பர் ஆகிவிடும். அக்கா யாரையும் காப்பாற்றியிருக்க மாட்டாள். சும்மா செத்தவளாகிவிடுவாள்.

அன்று இரவு வீட்டுக்காரர் தானாகவே இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. "நானே ஒவ்வொரு வீடா போறேன். சர்வீஸ் பண்ண வந்தேன்னு சொல்லி, ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிட்டு வந்துடறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ மட்டும் வாயைத் திறக்காதே."

அவள் தலையாட்டினாள். அது நியாயமாகத்தான் பட்டது. வீடுகளும் தப்பும், அவரும் தப்புவார், மேட்டும் மேட்டாக இருக்கும். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள், அவர் "இன்னைக்கு ஒரு வீடு முடிஞ்சுது" என்பார். சின்னவள் அவர் கருவிப்பையைத் திறந்து பார்க்கவில்லை. துளைபோடும் மெஷின் அலமாரியின் மேலே தூசியோடு இருந்ததை அவள் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவளுக்கு நம்புவது கஷ்டமே இல்லை. இப்படியே மூன்று வாரம் ஓடியது. குளிர் கூடிக்கொண்டே போனது.

ஒரு சனிக்கிழமை காலை. உள்ளே டாக்டரம்மா ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது. அம்மாவும் மகளும் வேகமாக உள்ளே வந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். வாயில் துண்டை அமுக்கிக்கொண்டிருந்தாள், துண்டில் ரத்தம். அம்மாவின் கையில் மூடிபோட்ட ஒரு டம்ளர். முன்பல்லின் உடைந்த துண்டைப் பாலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"பாத்ரூம்ல விழுந்துட்டா. ஒட்ட வெச்சுடலாமா?"

"பால்ல போட்டுக் கொண்டுவந்தது ரொம்ப நல்லது. டாக்டர் பாத்துடுவாங்க, உக்காருங்க" என்று சின்னவள் அவசர டோக்கனை எடுத்தாள். நிமிர்ந்தபோது அந்த அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"நீங்கதானே பேப்பர்ல வந்தவங்க? டீச்சரோட தங்கச்சி?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். நேரிலேயே கிடைக்கும்போது அச்சில் எதற்கு.

"ஆமாங்க."

அந்த அம்மா மேஜையைச் சுற்றி வந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "உங்களை எத்தனை தடவை நெனச்சிருப்பேன் தெரியுமா? அன்னைக்கு அதைப் படிச்ச உடனே இவங்கப்பாவ அனுப்பி மேட் வாங்கிட்டு வரச் சொன்னேன். அது மட்டும் இல்லன்னா இன்னைக்கு என் பொண்ணு மண்டை ஒடஞ்சிருக்கும். பல்லோட போச்சு. உங்கக்காதான் இவளக் காப்பாத்தினாங்க."

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் சின்னவள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள்.

மகள் துண்டை விலக்கினாள். "நான் வழுக்கலம்மா."

"பேசாத. ரத்தம் வருது."

"வழுக்கல. தலை சுத்திச்சு. முந்தாநாளும் சுத்திச்சு, சொன்னேன்ல."

"சாப்பிடாம குளிக்கப் போனா சுத்தாம என்ன பண்ணும்? எப்பப் பாரு ஒரு சாக்கு." அம்மா சின்னவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "காலைல ஒரு வாய் எறங்காது இவளுக்கு."

சின்னவள் தன் கையை விடுவித்துக்கொண்டாள். "உங்க வீட்ல வெந்நீர் எதுலங்க போடறீங்க?"

"கேஸ் ஹீட்டர். உங்க வீட்டுக்காரர்தானே மாட்டினார், தெரியாதா உங்களுக்கு? கதவைப் பேத்தவர்னு பேப்பர்ல அவர் பேரும் வந்திருந்துச்சே. தங்கமான மனுஷர். போன வாரம்கூட நாங்க கூப்பிடாமலே வந்து பாத்துட்டுப் போனார். காசு குடுத்தா வாங்கல."

"சுவத்துல ஓட்டை போட்டாரா?"

"ஓட்டையா? எதுக்கு? எல்லாம் சரியா இருக்குன்னார். மேட்டை மட்டும் ரெண்டு தடவை மிதிச்சுப் பாத்தார். இது வழுக்காது, நல்ல மேட்டுன்னு சொன்னார்."

சின்னவளுக்கு அவர் அந்தக் குளியலறையில் நின்ற நிற்பு கண்ணுக்குத் தெரிந்தது. துளைபோடுகிறேன் என்று கிளம்பியவர்தான், மெஷினை எடுத்துப்போகவில்லை. போனவரிடம் அந்த அம்மா, இப்ப எதுக்குங்க ஓட்டை என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்திருப்பார். தலையைக் குனிந்திருப்பார், காலுக்குக் கீழே மேட் இருந்திருக்கும். அவரைக் கொன்றுவிடலாம்போல் ஆத்திரம் வந்தது. அதே ஆத்திரம் தன் மேலும் வந்தது. அலமாரியின் மேலே இருந்த மெஷினை அவளும்தானே பார்த்தாள்.

இப்போதுகூட ஒரு வழி இருந்தது. பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம், பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் துண்டுக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னதை யாராவது ஒருத்தராவது நம்புவார்களா என்று பார்க்கிற பார்வை.

"வீட்ல இப்ப யாருங்க இருக்கா?"

"இவங்கப்பாவும் பையனும். ஏன்?"

"குளிச்சாச்சா அவங்க?"

"பையனக் குளிப்பாட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். என்னங்க?"

"போன் பண்ணுங்க. ஹீட்டரை அணைக்கச் சொல்லுங்க. கதவைத் திறந்து பையனை வெளிய கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன், முதல்ல போன் பண்ணுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அந்த அம்மா கேள்வி கேட்காமல் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.  உள்ளே பல்லைக் குடையும் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை மகளின் அப்பா போனை எடுத்துவிட்டார்.

"என்னடி, கையெல்லாம் சோப்பு" என்ற குரல் வெளியே கேட்டது.

"ஹீட்டரை அணைங்க. அவனை வெளிய தூக்கிட்டு வாங்க. தூக்கிட்டு வாங்கன்னா வாங்க." அவள் அழ ஆரம்பித்தாள். "வெளிய வந்துட்டீங்களா? அவன் பேசறானா? அவன்கிட்டக் குடுங்க." ஒரு குழந்தை ஏதோ கேட்டது. குளிருது என்றதோ என்னவோ. அந்த அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சின்னவள் சொன்னாள். உட்கார்ந்துகொண்டே சொல்ல முடியவில்லை, எழுந்து நின்று சொன்னாள். "எங்கக்கா வழுக்கி விழல. மேட் இருந்திருந்தாலும் செத்திருப்பா. அந்த ஹீட்டர் புகை வெளிய போக வழியில்லாம அதுல மயங்கி விழுந்து செத்தா. மாட்டினது என் வீட்டுக்காரர். உங்க வீட்லயும் அப்படித்தான் மாட்டியிருக்கார். உங்க பொண்ணு சொல்றது நெசம்."

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"அப்ப தெரியாம சொல்லிட்டீங்க" என்றாள் அந்த அம்மா. அதைக் கேள்வியாகவும் கேட்கவில்லை, மன்னித்துவிடத் தயாராக இருந்தாள். "அப்புறம் எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் என்றிருக்கலாம்.

"மூணு வாரம் ஆச்சு" என்றாள் சின்னவள்.

அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பேப்பர்ல உங்க போட்டோவைப் பாத்துட்டு நான் அழுதேன்" என்றாள். "சொந்த அக்கா தங்கச்சிக்குக்கூட நான் அப்படி அழுததில்லை."

டாக்டரம்மா கதவைத் திறந்து அடுத்தது யார் என்று கேட்டார். தாயும் மகளும் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்கள். பல் ஒட்டவைக்க வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் சின்னவளைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தாள், அவர் "புருஷனுக்காக மறைச்சிருக்கா" என்றார். மெதுவாகச் சொல்ல அவர் மெனக்கெடவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், போகிற வழியெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் யார் வீட்டுச் சுவரில் அந்த ஹீட்டர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவள் மேஜைமேல் இருந்த போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஹீட்டர் மாட்டின வீட்டு போன் நம்பரெல்லாம் சொல்லுங்க."

"என்ன ஆச்சு? யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

 எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, யார் வீட்டிலோ வேலையாக இருந்தார். பிறகு கெஞ்சுவதுபோல் சொன்னார். "வீட்டுக்கு வா. வந்து பேசிக்கலாம். அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

"நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள யாராவது குளிக்கப் போயிடுவாங்க" என்றாள் சின்னவள். "நம்பரைச் சொல்லுங்க."